வில்லின் ஆயுள் அதன் வயிற்றில்

மெல்லிய மரச்சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் நீள்வில்லை, ஒரே கட்டையில் செதுக்கிய வில்லைவிட ஒரு படி தாழ்ந்ததாகக் கருதும் வழக்கம் இங்கிலாந்தின் வில்லாளர்களிடையே இன்றும் உண்டு. யூ என்னும் ஊசியிலை மரத்தில் செய்ததுதான் உண்மையான வில், மற்றவையெல்லாம் யூ கிடைக்காதவர்கள் செய்துகொண்ட சமாதானம் என்று எங்கள் வில்வித்தைச் சங்கத்தின் மூத்தவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானோ சில ஆண்டுகளாக வீட்டின் பின்புறக் கொட்டகையில் அடுக்கு விற்களை மட்டுமே செய்து வருகிறேன். அந்த மூத்தவர்களின் அனுபவத்தின்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்றாலும், இந்தக் கருத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று விளக்கப் புகுந்தால், அடுக்கு வில் எப்படி உருவாகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.

எய்பவரைப் பார்த்திருக்கும் முகத்தை வில்லின் வயிறு என்றும், இலக்கைப் பார்த்திருக்கும் முகத்தை முதுகு என்றும் இத்தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். நாணை இழுக்கும்போது முதுகிலுள்ள நார்கள் நீள்கின்றன. வயிற்றிலுள்ள நார்கள் நெருக்குண்கின்றன. இரண்டுக்கும் இடையில், நீட்சியும் இல்லாமல் நெருக்கமும் இல்லாமல் ஒரு நடுத்தளம் இருக்கும். அந்தத் தளத்திலிருந்து விலக விலகச் சுமை கூடிக்கொண்டே போகும். ஒரே மரத்தாலான, 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள செவ்வகச் சட்டம் ஒன்றை வளைத்தால், மேற்புறத்து 3 மில்லிமீட்டரும் அடிப்புறத்து 3 மில்லிமீட்டரும் மட்டுமே சேர்ந்து, வளைவை எதிர்க்கும் வேலையில் ஏறக்குறைய 56 சதவீதத்தைச் செய்துவிடுகின்றன. இடையிலுள்ள 19 மில்லிமீட்டருக்கு மிஞ்சுவது 44 சதவீதம்தான். வில்லின் இரண்டு மேற்பரப்புகளுக்கும் எந்த மரத்தை வைக்கிறோம் என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

யூ மரத்தின் பெருமையும் இங்கிருந்துதான் வருகிறது. அதன் அடிமரத்தைப் பிளந்தால், நம் ஊர்த் தச்சர்கள் வெளிறு என்று ஒதுக்கும் வெளுத்த பகுதியும், வைரம் என்று போற்றும் செம்பழுப்புப் பகுதியும் கோடு போட்டதுபோல் பிரிந்து தெரியும். யூவில் வெளிறையும் ஒதுக்குவதில்லை. வெளிறு நீட்சியைத் தாங்குவதில் வல்லது. வைரம் நெருக்கத்தைத் தாங்குவதில் வல்லது. வில் செய்தவர்கள் முன்னதை முதுகாகவும் பின்னதை வயிறாகவும் வைத்துச் செதுக்கினார்கள். 1545 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் தென்கரையோரச் சோலண்ட் நீரிணையில் மூழ்கி, 1982 அக்டோபர் 11 அன்று நீருக்கு மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலின் சிதைவுகளில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட விற்கள் யூ மரத்தில் செய்தவையே. 1.87 மீட்டர் முதல் 2.11 மீட்டர் வரை நீளமுள்ள அந்த விற்களின் இழுவிசை, அதாவது நாணை முழுவதும் இழுக்கத் தேவையான விசை, 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். யூ வில்லே இயற்கை ஒட்டிக் கொடுத்த இரண்டடுக்கு வில்தான் என்பதே என் வாதத்தின் தொடக்கம்.

இயற்கை ஒட்டிக் கொடுக்காத இடங்களில் மனிதர்கள் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள். வட ஐரோப்பாவில் சாமி (Sámi) என்னும் பழங்குடி மக்களும் ஃபின்னிய மொழிகள் பேசியவர்களும் செய்த இருமர வில்லை நான் மிகவும் வியக்கிறேன். முதுகுக்குப் பிர்ச் மரம். வயிற்றுக்கோ, சாய்ந்து வளர்ந்த பைன் மரத்தின் அடிப்பக்கத்துக் கட்டை. சாய்வாக நிற்கும் ஊசியிலை மரம் தன் எடையைத் தாங்கிக்கொள்வதற்காக அடிப்பக்கத்தில் அடர்ந்த, கடினமான, பிசின் மிகுந்த கட்டையை வளர்க்கிறது. பிறந்த நாள்முதல் நசுக்கத்தைத் தாங்கியே பழகிய கட்டை அது. காட்டில் நேராக வளர்ந்த ஆயிரம் பைன் மரங்களை விட்டுவிட்டு, கோணி நிற்கும் ஒன்றைத் தேடிப் போய், அதிலும் அடிப்பக்கத்தை மட்டும் பிளந்தெடுத்து, மீனிலிருந்து காய்ச்சிய பசையால் பிர்ச்சோடு ஒட்டி, ஈரம் புகாமல் பிர்ச் மரப்பட்டையைச் சுற்றி வைத்தார்கள். விசைகளைப் பற்றிய பாடப்புத்தகம் எதுவும் இல்லாத காலத்தில், வில்லின் வயிற்றுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்கள் இவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார்கள்.

ஜப்பானில் நடந்தது இன்னும் நீண்ட கதை. முதலில் ஒற்றை மரம்; பிறகு முதுகில் மட்டும் மூங்கில்; அதன்பின் இரண்டு முகங்களிலும் மூங்கில்; இறுதியில் உள்ளேயும் மூங்கில் கீற்றுகளை வரிசையாக நிறுத்திப் பக்கவாட்டில் மரம் வைத்த யூமி என்று, பல நூற்றாண்டுகளில் அடுக்கின்மேல் அடுக்காக அந்த வில் வளர்ந்தது. வில்லின் நீளம் ஏறக்குறைய 2.21 மீட்டர்; அதன் கைப்பிடி நடுவில் இராமல், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். மியாசாகி மாநிலத்தின் மியாகொனோஜோ நகரில் இன்றும் கைவேலையாகவே அதைச் செய்கிறார்கள். பசை தடவிய அடுக்குகளைக் கயிற்றால் வரிந்து, கயிற்றுக்கும் வில்லுக்கும் இடையில் மூங்கில் ஆப்புகளை வரிசையாக அடித்து இறுக்கியபடியே வளைவையும் கொடுத்துவிடுகிறார்கள். ஆப்பு இறங்கும் ஒவ்வொரு அடியிலும் அழுத்தமும் வளைவும் ஒரே நேரத்தில் உருவாகும் இந்த முறையைவிடச் சிக்கனமான ஒட்டுமுறையை நான் அறியேன்.

இங்கிலாந்திலும் அடுக்கு வில் புதிதன்று. நல்ல யூ அங்கே எப்போதும் தட்டுப்பாடாகவே இருந்தது. 1472ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டிலிருந்து சரக்கேற்றி வரும் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் 4 வில்கட்டைகளைக் கொண்டுவர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. போர்க்களத்திலிருந்து வில் மறைந்து, 1781இல் லண்டனில் டாக்ஸோஃபிலைட் என்னும் வில்லாளர் சங்கம் போன்றவை தோன்றி அது பொழுதுபோக்காக மாறிய காலத்தில், முதுகுக்கு ஒரு மரமும் வயிற்றுக்கு வேறொரு மரமும் வைத்து ஒட்டிய விற்கள் இயல்பாகவே புழக்கத்தில் இருந்தன. ஆகவே மரபு என்ற பெயரால் அடுக்கு வில்லை ஒதுக்குவதற்கும் இடமில்லை.

வில் செய்யத் தொடங்குபவர்கள் எல்லோரும் முதுகு பிளந்துவிடுமோ என்றுதான் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. முதுகு பிளந்தால் வில் வெடிச்சத்தத்தோடு துண்டாகிவிடும். ஆனால் நார் நேராக ஓடும் நல்ல மரம், நசுக்கத்தைத் தாங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுப்பைத் தாங்கக்கூடியது. பெரும்பாலான விற்கள் சத்தமே இல்லாமல் வயிற்றுப்பக்கம்தான் தோற்றுப்போகின்றன. வயிற்றின் நார்கள் நசுங்கி மீளாமல் போகும்போது, நாணைக் கழற்றிய பின்னும் வில் நிமிராமல் கூன் விழுந்து நிற்கும். கூன் விழுந்த வில்லில் நாண் தொடக்கத்திலேயே தளர்வாக இருப்பதால், அதே இழுவிசைக்கு அம்பின் வேகம் குறைந்துவிடுகிறது. நிலைமை முற்றினால் வயிற்றின் குறுக்கே மயிரிழைபோல் கீறல்கள் தோன்றும்.

சங்க நண்பர் ஒருவர், எங்கோ வாங்கிய அடுக்கு வில் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். அம்பு முன்னைப்போல் போகவில்லை என்பது மட்டுமே அவர் குறை. கொட்டகையில் மேல்விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கை வயிற்றின் பரப்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தோம். கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தொலைவில், பளபளப்பான வார்னிஷுக்கு அடியில், குறுக்கே நான்கைந்து நுண்ணிய கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. நகத்தை வைத்துத் தேய்த்தால் மட்டும் அவற்றின் விளிம்பு தட்டுப்பட்டது. வில்லைப் பக்கவாட்டில் திருப்பியதும் காரணம் விளங்கிவிட்டது: முதுகில் 6 மில்லிமீட்டருக்குக் குறையாத தடித்த மூங்கில், வயிற்றில் கையில் எடுத்தாலே இலேசாக இருக்கும் மிருதுவான மரம். வலுத்த காளையையும் இளைத்த காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால் இளைத்ததுதான் முதலில் மண்டியிடும். முதுகு விறைப்பாக இருக்க இருக்க நடுத்தளம் முதுகை நோக்கி நகர்ந்துவிடும்; அதனால் வயிற்றின் மேற்பரப்பு நடுத்தளத்திலிருந்து மேலும் விலகி, மேலும் நெருக்குண்ணும். முதுகைப் பலப்படுத்தினால் வில் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்துச் செய்ததே வயிற்றைக் கொன்றிருக்கிறது.

எனவே நான் மரம் தேர்ந்தெடுக்கும்போது வயிற்றிலிருந்தே தொடங்குகிறேன். கியூபாவிலிருந்து வந்த லெமன்வுட் பல தலைமுறைகளாக ஆங்கில வில் செய்பவர்களின் விருப்பம்; பெயரில் எலுமிச்சை இருந்தாலும் அதற்கும் எலுமிச்சைக்கும் உறவில்லை. சீரான, மழமழப்பான மரம். சுரண்டியின் கீழ் வெண்ணெய்போல் வரும் என்று சொல்வதைவிட, எந்தத் திசையில் சுரண்டினாலும் முரண்டு பிடிக்காது என்று சொல்வதே சரி. அமெரிக்காவின் ஓசேஜ் ஆரஞ்சு அதைவிட உறுதியானது. தென்னமெரிக்காவின் ஈபே மரம் நெருக்கத்தைத் தாங்குவதில் இவற்றையும் மிஞ்சும். சில துண்டுகள் தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானவை. வீட்டுத் தாழ்வாரங்களுக்குப் பலகையாகப் போட்டது போக மிஞ்சிய ஈபேத் துண்டுகளிலிருந்து எத்தனையோ நல்ல விற்கள் பிறந்திருக்கின்றன. ஆனால் இந்த மரங்கள் மிதமிஞ்சி வெட்டப்பட்டதால், 2024 நவம்பர் முதல் அவை, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஆகையால் ஈபே வாங்குவதாயிருந்தால், ஏற்கெனவே பயன்படுத்திக் கழித்த பலகைகளைத் தேடுமாறு வற்புறுத்திச் சொல்வேன். அதன் தூள் மூச்சுக்குழாயையும் தோலையும் உறுத்தும் என்பதால் முகக்கவசம் இல்லாமல் தொடவே கூடாது.

முதுகுக்கு நான் பெரும்பாலும் ஹிக்கரியையே வைக்கிறேன். சுத்தியலுக்கும் கோடரிக்கும் பிடி போடும் மரம். இழுப்பில் அறுந்துபோகாத பிடிவாதம் அதற்கு உண்டு. 3 மில்லிமீட்டர் தடிமன் போதுமானது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நார், சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெட்டுப்படாமல் ஓட வேண்டும். மேற்பரப்பில் தெரியும் ஆண்டு வளையக் கோடுகள் நேராக இருப்பதை வைத்து நாரும் நேராக ஓடுகிறது என்று முடிவுசெய்துவிடக் கூடாது. நார் அவற்றுக்குச் சாய்வாகவும் ஓடக்கூடும். பலகையின் ஓரத்திலிருந்து விரற்கடை அகலமுள்ள துண்டு ஒன்றை உளியால் பிளந்து பார்ப்பேன். பிளவு நேராகப் போனால் அந்தப் பலகை எனக்கு. திருகிக்கொண்டு போனால் அது கருவிகளுக்குப் பிடியாகட்டும். மூங்கிலை முதுகாக வைப்பவர்கள், வலுவான நார்கள் அடர்ந்திருக்கும் அதன் வெளித்தோலை இழைத்துவிடாமல், உட்புறத்தை மட்டும் இழைத்து நடுவில் 3 மில்லிமீட்டருக்கும், ஓரங்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்கும் மெலிக்க வேண்டும். கணுக்களின் மேடுகளைத் தட்டையாக்கவே கூடாது.

இரண்டுக்கும் நடுவே ஊதா நிறமுள்ள பர்ப்பிள்ஹார்ட் போன்ற மூன்றாவது மரத்தைச் சிலர் வைக்கிறார்கள்; நானும் வைப்பதுண்டு. நடு அடுக்கின் முக்கிய வேலை, மேலும் கீழும் உள்ள அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிவிடாமல் பிடித்துக்கொள்வது. நேரான நார் உள்ள எந்த நல்ல மரமும் இதற்குப் போதும். அந்த ஊதாக் கோடு வில்லின் பக்கவாட்டில் முனைவரை ஓடுவது அழகு என்பதே உண்மையான காரணம், அது நல்ல காரணமும்கூட.

ஒட்டுவதற்கு முன்பு மரங்கள் எல்லாம் பல வாரங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஈரம் ஏறிய மரம் நெருக்கத்தைத் தாங்கும் ஆற்றலை விரைவாக இழக்கிறது. இங்கிலாந்தின் குளிர்காலக் கொட்டகையில் கிடந்த மரத்தை அப்படியே ஒட்டி வளைத்தால், வயிறு முதல் நாளிலேயே கூன் போட்டுவிடும். 8 முதல் 10 சதவீத ஈரப்பதம் வந்த பிறகே இழைப்புளியை எடுக்கிறேன். ஒட்டப்போகும் இரு பரப்புகளையும் பசையின்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்க வேண்டும். எங்கேனும் வெளிச்சம் கசிந்தால் மீண்டும் இழைக்க வேண்டும். கவ்வியின் பலத்தால் இடைவெளியை மூடிவிடலாம் என்று எண்ணுவது தவறு. மூடியது பின்னாளில் திறக்கவே பார்க்கும். ஈபே, ஓசேஜ் போன்ற எண்ணெய்ப்பசை உள்ள மரங்களை அசிட்டோன் நனைத்த துணியால், துணியில் நிறம் ஏறாத வரை துடைத்து, உலர்ந்தவுடனே ஒட்டிவிட வேண்டும்.

பசையைப் பொறுத்தவரை நான் நீரில் கரைக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு தூளையே நம்புகிறேன். விறைப்பாக இறுகும், காலப்போக்கில் நெகிழ்ந்து நழுவாது. ஆனால் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது சரியாக இறுகாது என்பதால் குளிர்காலத்தில் ஒட்டுவேலை முழுவதும் சமையலறைக்கு வந்துவிடும். எண்ணெய்ப்பசை மரங்களுக்கு எபாக்சி. அடுக்குகளை, முனைகள் முதுகுப்பக்கமாக ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ திரும்பியிருக்கும்படி செதுக்கிய நீண்ட மர அச்சின்மேல் வைத்து, பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிய ரப்பர் நாடாவால் நடுவிலிருந்து தொடங்கி முனைவரை இழுத்துச் சுற்றுகிறேன். ரப்பர் நாடா அழுத்தத்தை எல்லா இடத்திலும் ஒரேபோல் தருகிறது. சுற்றச் சுற்ற இருபுறமும் பசை சிறு மணிகளாக வரிசையாகப் பிதுங்கி வர வேண்டும். மணி வராத இடத்தில் இன்னொரு சுற்று. அச்சில் பசை பிடித்துக்கொள்ளாமல் இருக்க, முன்கூட்டியே பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் நாடாவை அதன்மேல் ஒட்டி வைத்துவிட வேண்டும்.

அச்சிலேயே கொடுக்கும் இந்தப் பின்வளைவு வயிற்றுக்குக் கிடைக்கும் முன்பணம். அடுக்குகள் தனித்தனியாக எளிதில் வளைந்து, அந்த வளைந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்கின்றன; பின்னால் வயிறு சிறிது நசுங்கிக் கூன் விழுந்தாலும், வில் நேர்க்கோட்டுக்கு வருமே தவிர அதைத் தாண்டாது. ஒற்றைக் கட்டையில் இந்த வசதி இல்லை.

ஒட்டிய கட்டை அச்சிலிருந்து வந்ததும், முதுகின் நடுவே நூல் பிடித்துக் கோடு போட்டு உருவம் வரைகிறேன். 45 பவுண்டு இழுவிசைக்கு நான் செய்யும் வில் 6 அடி நீளத்துக்குச் சற்றே கூடுதலாகவும், கைப்பிடியில் 30 மில்லிமீட்டர் அகலமாகவும், முனையில் 12 மில்லிமீட்டராகவும் இருக்கும். பிரிட்டனின் போட்டி விதிகளின்படி, நீள்வில்லின் எந்த இடத்திலும் தடிமன், அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது. விக்டோரியா காலத்து விற்கள் இந்த அளவையும் மிஞ்சி, வயிறு கூம்பி உயர்ந்து, ஒடுங்கிய வளைமுகட்டோடு இருக்கும். பார்க்க அழகானவை, ஆனால் நெருக்கம் முழுவதும் அந்த ஒடுங்கிய முகட்டின்மேல் விழுகிறது. 1920களின் இறுதியிலும் 1930களிலும் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் வில்லின் இயக்கத்தை அளந்து ஆராய்ந்து, வயிறு தட்டையாக உள்ள செவ்வக வெட்டுமுகமே மரத்துக்கு நல்லது என்று காட்டினார். விதிக்கு உட்பட்டும் ஹிக்மனுக்குச் செவிசாய்த்தும் வயிற்றின் ஓரங்களை மட்டும் மென்மையாக உருட்டி, நடுவை ஏறக்குறைய தட்டையாகவே விட்டுவிடுகிறேன். முதுகின் இரு ஓரங்களையும் சாய்த்து இழைத்து, வயிற்றைவிட முதுகைச் சற்றுக் குறுக்கிவிடுவதும் வழக்கம். ஹிக்கரிக்கு வலு மிச்சமிருக்கிறது. குறுக்குவதால் நடுத்தளம் வயிற்றுப்பக்கம் நகர்ந்து அதன் சுமை குறைகிறது.

இனி வருவதுதான் வில் செய்வதின் உயிர்நிலை. இதுவரை ஒட்டி இழைத்தது வெறும் கட்டை. அது கைப்பிடிக்கு மேலும் கீழுமுள்ள இரு பாதிகளிலும், அதாவது வில்லின் இரு கைகளிலும், எவ்வாறு வளைய வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதை டில்லரிங் என்கிறார்கள். அடுக்கு வில்லைக் குறைத்துப் பேசுபவர்கள், பசை எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நினைக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும். பசை இங்கே எந்த உதவியும் செய்வதில்லை. சுவரில் மாட்டிய தாங்கியில் வில்லின் நடுவை வைத்து, தளர்வான நீண்ட நாணைக் கட்டி, கப்பி வழியாகக் கயிற்றை இழுத்தபடி சில அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். பின்னால் கட்டங்கள் வரைந்த பலகை இருந்தால் மேற்கையும் கீழ்க்கையும் எவ்வளவு இறங்குகின்றன என்பது உடனே தெரியும். ஒரு விதியை மட்டும் ஒருபோதும் மீறக் கூடாது: வில் இறுதியில் எத்தனை பவுண்டு இழுக்க வேண்டுமோ, அதைவிட அதிகமாக எந்தக் கட்டத்திலும் இழுக்கக் கூடாது. 45 பவுண்டு வில்லுக்கு, அது 10 அங்குலம் மட்டுமே வளைந்த நிலையிலும் 45 பவுண்டுதான் எல்லை. வளைவு சீரில்லாத வேளையில் வலிந்து இழுத்தால், மெலிந்த இடத்தின் வயிறு அப்போதே நசுங்கிவிடும்; பிறகு எவ்வளவு சீர்செய்தாலும் அந்த நார்கள் திரும்பாது.

கண்ணுக்குத் துணையாக எளிய கருவி ஒன்றை வைத்திருக்கிறேன். சாண் நீளமுள்ள நேரான மரத்துண்டு. அதன் நடுவில் துளையிட்டு ஒரு பென்சில். வளைந்து நிற்கும் வில்லின் வயிற்றின்மேல் துண்டை வைத்தால் இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் சிறு இடைவெளி விழும். மிக அதிகமாக வளையும் இடத்தில் அந்த இடைவெளியைத் தாண்டி மரத்தை மட்டும் எட்டாதபடி பென்சிலை நிறுத்திவிட்டு, துண்டை வயிறு நெடுக நகர்த்த வேண்டும். எங்கே மரம் விறைப்பாக நின்று வளைய மறுக்கிறதோ, அங்கே இடைவெளி சுருங்கிப் பென்சில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தை மட்டும் சுரண்டியால் வழித்துவிட்டு, வில்லை இருபது முப்பது முறை மெதுவாக இழுத்து விட்டு, மீண்டும் பார்க்க வேண்டும். எடுத்த மரத்தின் பலன் உடனே தெரியாது. இழுத்துப் பழகிய பின்புதான் தெரியும். இதைப் பொறுக்காமல் மேலும் வழிப்பவர்களின் வில் குறித்த இழுவிசைக்குக் கீழே போய்விடுகிறது.

எவ்வளவு வழிப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. மரத்தின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதமாகவும், தடிமனின் மும்மடிக்கு விகிதமாகவும் மாறுகிறது. தடிமனில் 10 சதவீதம் போனால் விறைப்பில் 27 சதவீதம் போய்விடும். முனைக்கு அருகே 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் 1 மில்லிமீட்டரை இழைத்தால் விறைப்பில் ஏறக்குறைய கால் பங்கு குறையும். எனவே உருவம் வந்தவுடன் இழைப்புளியையும் அரத்தையும் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சுரண்டியோடு நிறுத்திக்கொள்கிறேன். கூர்தீட்டிய எஃகுத் தகட்டை இரு கட்டைவிரல்களாலும் சற்றே வளைத்துத் தள்ளும்போது லெமன்வுட் தூளாக உதிராமல், வெளிச்சம் ஊடுருவும் சுருளாக எழுந்து வரும். சுருள் வராமல் தூள் வந்தால் தகட்டைத் தீட்ட வேண்டிய நேரம்.

கைப்பிடியும் சேர்ந்தே இலேசாக வளைவது பழைய முறை. முழு வட்டத்தின் பகுதிபோல் எல்லா இடத்திலும் ஒரே அளவாக வளைவதைக் காட்டிலும், கைகளின் நடுப்பகுதியும் வெளிப்பகுதியும் சற்று அதிகமாக வளைவதையே நான் விரும்புகிறேன். எய்யும்போது கையில் விழும் அதிர்ச்சி குறைகிறது. பிடிக்கும் கை நடுவுக்குக் கீழேயும் அம்பு நடுவுக்கு மேலேயும் அமைவதால், கீழ்க்கையை மேற்கையைவிட ஒரு மயிரளவு விறைப்பாக விட வேண்டும். குட்டை நாண் கட்டி, கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே 6 அங்குலம் நிற்கும்படி பூட்டிய பின், இழுப்பை அங்குலம் அங்குலமாக 28 வரை கொண்டுபோவேன். ஒவ்வொரு முறை நாணைக் கழற்றும்போதும் வில்லை நேர்ச்சட்டத்தோடு வைத்து எவ்வளவு கூன் விழுந்திருக்கிறது என்று பார்ப்பது அவசியம். எந்த இழுப்பில் கூன் கூடத் தொடங்குகிறதோ, அந்த இழுப்பில் வயிற்றின் எங்கோ ஓரிடம் மற்ற இடங்களின் சுமையையும் சேர்த்துத் தாங்குகிறது என்று பொருள். அதைக் கண்டுபிடித்து, அதன் இருபுறத்து அண்டை மரத்தையும் வழித்துச் சுமையைப் பகிர்ந்துகொடுத்த பிறகே அடுத்த அங்குலம்.

முனைகளுக்கு எருமைக் கொம்பு. கூம்பு வடிவத் துளைக்கருவியால் கொம்பைக் குடைந்து, வில்முனையையும் அதே கூம்பாகச் சீவிப் பொருத்தி, எபாக்சியால் ஒட்டி, வட்ட அரத்தால் நாண் பள்ளத்தை அறுக்க வேண்டும். கொம்பை அராவும்போது எழும் கருகிய மயிர் வாடை வீட்டாருக்குப் பிடிக்காது என்பதால் இந்த வேலை வெளியில்தான் நடக்கும். முனையில் எவ்வளவு எடை குறைகிறதோ அவ்வளவு வேகம் அம்புக்குப் போகும். எனவே கொம்பைச் செதுக்கி அழகுபடுத்த நினைப்பவர்கள் சிறிதாகவே வைத்துக்கொள்வது நல்லது. நாண் டாக்ரான் என்னும் செயற்கை நூலில் முறுக்கியது. மரத்துக்குச் சில பூச்சு எண்ணெயும், மேலே மெழுகும்.

செய்து முடித்த வில்லை உடனே யாருக்கும் கொடுப்பதில்லை. முதலில் குறைந்த இழுப்பிலும் பிறகு முழு இழுப்பிலுமாகச் சில வாரங்கள் எய்து பழக்குவேன். அந்தக் காலத்தில் ஓரிரு பவுண்டு இறங்கி அதன்பின் இழுவிசை நிலைத்துவிடும். நிலைத்த இழுவிசையையே கைப்பிடிக்கு மேலே மையால் எழுதுகிறேன். கொடுக்கும்போது வாங்குபவரிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள், இழுத்துப் பிடித்தபடி நண்பர்களோடு பேசிக்கொண்டு நிற்காதீர்கள், 28 அங்குலத்துக்கு மேல் இழுக்கும் நீண்ட கைக்காரரிடம் கொடுக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், சுவரில் இரண்டு முளைகளின்மேல் படுக்கையாக வையுங்கள். மாதம் ஒருமுறை விளக்கைச் சாய்த்துப் பிடித்து, முதுகை மட்டுமல்ல, வயிற்றையும் நெடுகப் பாருங்கள். குறுக்கே ஒரு கோடு தென்பட்டாலும் எய்வதை நிறுத்திவிட்டு என்னிடம் கொண்டுவாருங்கள். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால், இருபுறத்து மரத்தையும் சிறிது வழித்து, இழுவிசையில் சில பவுண்டை விட்டுக்கொடுத்து, அந்த வில்லைக் காப்பாற்றிவிட முடியும்.